மொரீஷியஸ் பயணத்துக்குக் கேமராப் பையை எப்படித் தயார் செய்வது

கியூர்பிப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆண்டுதோறும் உறவினர்கள் வருகிறார்கள். அவர்களில் படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர்கள், புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது தொலைபேசியில் அழைத்து, "மாமா, எந்த லென்ஸை எடுத்து வரட்டும்?" என்று கேட்பது வழக்கம். முன்பெல்லாம் நானும் லென்ஸைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகன் நான்கு லென்சுகள், கனமான டிரைபாட், இரண்டு கேமராக்கள் ஆகியவற்றைச் சுமந்து வந்தான். அந்தப் பையில் லென்ஸ் துடைக்கும் துணி ஒன்றுகூட இல்லை. வந்த இரண்டாம் நாள் தெற்குக் கடற்கரையில் கிரி கிரி பாறைமுனையில் நின்றபோது, அலையின் தூறல் லென்ஸின் முகப்பில் படிந்து உப்புப் படலமாகக் காய்ந்தது. அவன் சட்டை முனையால் அதைத் துடைத்தான்; அந்தக் கீறல் இன்றும் அந்த லென்ஸில் இருக்கிறது. அவனுக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தவறு. அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் உப்பு, ஈரம், மணல் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, கடைசியில் லென்ஸுக்கு வருகிறேன். இந்தத் தீவில் நல்ல படத்தைத் தருவது பையில் எத்தனை லென்சுகள் இருக்கின்றன என்பதைவிட, கையில் இருக்கும் ஒரு லென்ஸ் ஐந்தாம் நாளும் தெளிவாக இருக்கிறதா என்பதுதான்.

தீவையும் காலத்தையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மொரீஷியஸ் ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் கொண்ட எரிமலைத் தீவு. கடற்கரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் கியூர்பிப்பில் மழை தூறிக்கொண்டிருக்கும். காலையில் கடற்கரை, மதியம் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காடு, மாலையில் மறுபடியும் கடற்கரை என்று ஒரே நாளில் மூன்று தட்பவெப்பங்களை உங்கள் கேமரா கடந்துவிடும். ஆகவே "கடற்கரைக்குத்தானே போகிறோம்" என்ற எண்ணத்தோடு மழைக்கான ஏற்பாடு இல்லாமல் வருவது சரியல்ல.

மே முதல் அக்டோபர் வரை இங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று அப்போது ஓயாமல் வீசும். கிழக்குக் கரையில் பெல் மார் போன்ற இடங்களில் காற்றோடு மணலும் கலந்து வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் புழுக்கமும் கூடிய கோடைக்காலம். புயல் காலமும் அதுவே. வடக்கு அரைக்கோளத்திலிருந்து வருபவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்று, சூரியன் நிற்கும் திசை. நாம் ஏறக்குறைய 20 பாகை தெற்கு அட்சரேகையில் இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் வடக்கு வானத்தில் இருக்கும். ஜூன் மாதத்தில் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 46 பாகை உயரம்தான் ஏறும். நவம்பர் பிற்பகுதியிலும் ஜனவரி பிற்பகுதியிலும் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். ஜூனில் கிராண்ட் பே பக்கம் நின்று வடக்கே கடலைப் படமெடுத்தால் வெயில் முகத்தில் அடிக்கும். தெற்கே சுய்யாக்கில் நின்று கடலைப் பார்த்தால் வெயில் முதுகில் இருக்கும், கடலின் நீலம் ஆழமாகத் தெரியும். எந்த ஃபில்டர் பயன்படும், எந்த நேரத்தில் எந்தக் கரைக்குப் போவது என்பதையெல்லாம் இது தீர்மானிக்கிறது.

கேமரா எதுவாக இருக்கலாம்

புதிய கேமரா வாங்கிக்கொண்டு வருவதை நான் ஊக்குவிப்பதில்லை. பழகிய கேமராவின் பொத்தான்கள் விரலுக்குத் தெரியும். படகு ஆடும்போதும் வெயிலில் கண் கூசும்போதும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். வெண்மணல் கரையில் பகல் பதினொரு மணிக்குப் பின்புறத் திரையில் ஒன்றும் தெரியாது. போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் சில கோணங்களில் திரை முழுவதும் கறுத்துவிடும். இரண்டாவது, தூசியும் தூறலும் புகாதபடி இணைப்புகளில் ரப்பர் அடைப்பு வைத்த உடல். அந்த அடைப்பு தூறலைத் தாங்கும், அலையைத் தாங்காது. அதே தரத்தில் அடைப்பு இல்லாத லென்ஸை மாட்டினால், தண்ணீர் லென்ஸ் வழியாக உள்ளே போய்விடும்.

வியூஃபைண்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதன் கண்ணாடி ஒரு பூதக்கண்ணாடிபோல வேலை செய்கிறது. கேமராவை லென்ஸ் கீழே இருக்கும்படி மேசையிலோ மணலிலோ வைத்தால் அந்தக் கண்ணாடி வானத்தைப் பார்க்கும். உச்சி வெயில் அதன் வழியே குவிந்து, உள்ளே இருக்கும் சிறிய திரையைப் பொசுக்கிவிடும். ஓய்வாக வைக்கும்போது மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். அந்தத் துண்டு வெள்ளையாக இருக்கட்டும். கறுப்புத் துணி வெப்பத்தை உள்ளே இழுக்கும்.

நல்ல கைப்பேசி ஒன்று இருந்தால் போதுமா என்று கேட்பவர்களும் உண்டு. பகல் வெளிச்சத்தில் அகலமான காட்சிகளுக்கும், சாப்பாட்டுக்கும், குடும்பப் படங்களுக்கும் அது தாராளமாகப் போதும். தொலைவில் இருக்கும் பறவைக்கும், தீ வெளிச்சத்தில் ஆடும் செகா நடனத்துக்கும் போதாது. செகா 2014-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆட்டுத்தோல் போர்த்திய ரவான் என்னும் பறையைத் தீயில் காட்டிச் சூடாக்கி, அதன் தாளத்துக்கு ஆடுவார்கள். அந்த வெளிச்சத்தில் ஆடும் பாவாடையின் சுழற்சியைப் பிடிக்க, கேமராவும் வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும் லென்ஸும் தேவை.

லென்ஸ்: இரண்டு போதும், மூன்றாவதற்குக் காரணம் வேண்டும்

நான் பரிந்துரைப்பது ஒரு பொதுப்பயன் ஜூம் லென்ஸும், ஜூம் செய்ய முடியாத ஒரு சிறிய நிலைக்குவிய லென்ஸும். லென்ஸின் மில்லிமீட்டர் எண் சிறியதாக இருந்தால் அகலமான காட்சி கிடைக்கும், பெரிதாக இருந்தால் தொலைவில் இருப்பது அருகே தெரியும். படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு 24-105 அல்லது 24-120 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 16-80 அல்லது 18-135 மில்லிமீட்டர். ஜூமின் நீளத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் மணல். கடற்கரையில் லென்ஸை மாற்றக் கூடாது. காற்றில் மிதக்கும் நுண்மணலும் உப்புத் துளியும் திறந்த கேமராவுக்குள் போய் சென்சாரில் ஒட்டிக்கொண்டால், பிறகு எடுக்கும் ஒவ்வொரு நீல வானத்திலும் அதே கறும்புள்ளி அதே இடத்தில் நிற்கும். காலையில் அறையில் மாட்டிய லென்ஸ் மாலையில் அறைக்குத் திரும்பும்வரை கழற்றப்படாமல் இருக்க வேண்டுமென்றால், அகலத்தையும் ஓரளவு தொலைவையும் அதுவே கவனித்துக்கொள்ள வேண்டும். 2.8 துளை அளவுள்ள 24-70 அருமையான லென்ஸ்தான் (இந்தத் துளை எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). ஆனால் ஷமரெல்லின் ஏழு நிற மண்மேட்டைத் தடுப்புக்கு வெளியே இருந்துதான் பார்க்க முடியும். அங்கே 70 மில்லிமீட்டரில் நின்றுவிடும் ஜூம் ஏங்க வைக்கும். அந்த நிறப்பட்டைகளை நெருக்கி அடுக்கிக் காட்ட 100 மில்லிமீட்டர் வேண்டும்.

நிலைக்குவிய லென்ஸ் மாலைக்கும் இரவுக்கும். 35, 40 அல்லது 50 மில்லிமீட்டரில், 1.8 அல்லது 2 துளை அளவில் ஏதாவது ஒன்று. நிக்கானின் 40 மில்லிமீட்டர் லென்ஸ் 170 கிராம்தான், சட்டைப்பையில் போகும். செகா நடனம், போர்ட் லூயிஸ் சந்தையின் உட்புறம், கோயில் விளக்கு வெளிச்சம் எல்லாம் இதன் வேலை. தைப்பூசத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அது அரசு விடுமுறை நாள். காவடி எடுப்பவர்கள் ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டு வெயிலில் கோயிலுக்கு நடந்து வருவார்கள். அகலக் கோண லென்ஸை அவர்கள் முகத்தருகே கொண்டுபோய் நீட்டுவதை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன். 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் சாலையோரம் விலகி நின்று எடுங்கள். விரதமிருந்து நடப்பவருக்கு வழி விடுவது படத்தைவிட முக்கியம். கோயிலுக்குள் எடுக்கலாமா என்பதை அங்குள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது லென்ஸாக நீண்ட டெலி லென்ஸை எடுத்து வருவதா என்பதைப் பறவைகள் முடிவு செய்யட்டும். இந்தத் தீவின் பறவைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. டோடோவை இழந்த மண் இது. மொரீஷியஸ் வல்லூறு 1974-இல் காட்டில் நான்கே நான்கு என்ற நிலைக்கு வந்தது. இளஞ்சிவப்புப் புறா 1990-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பத்தாகக் குறைந்தது. பலருடைய நீண்ட உழைப்பால் இரண்டும் பிழைத்தன. மஹேபூர்க் கரைக்கு எதிரே இருக்கும் ஈல் ஓ எக்ரெட் என்னும் சிறு தீவில் அந்தப் புறாவை இன்று காட்டுச் சூழலிலேயே காணலாம். இதற்காக வருகிறீர்கள் என்றால் 400 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் வேண்டும். தயங்காமல் எடுத்து வாருங்கள். ஆனால் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கேனனின் எளிய 100-400 லென்ஸ் 635 கிராம். சோனியின் 200-600 லென்ஸ் 2,115 கிராம். காட்டுப் பாதையில் நடந்து, படகில் ஏறி இறங்கி, ஒரு நாள் முழுவதும் கழுத்தில் தொங்கப்போவது எது என்று நினைத்துப் பாருங்கள். பல விமான நிறுவனங்கள் கைப்பெட்டிக்கு 7 கிலோவைத்தான் அனுமதிக்கின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும். அதே ஈல் ஓ எக்ரெட்டில் உலவும் பேராமைகளுக்கு டெலி லென்ஸ் தேவையே இல்லை. அவை உங்கள் காலடிவரை வந்து நிற்கும். பள்ளத்தாக்குக் காட்சிமுனையில் உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே வெண்மையாக மிதந்து போகும் நீண்ட வால் பறவையை இங்கே கிரியோல் மொழியில் பாயாங்கே என்போம். அதற்கு 200 மில்லிமீட்டர் போதும். பொறுமை அதைவிட அதிகமாகத் தேவை.

மிக அகலமான லென்ஸை, அதாவது 14 அல்லது 16 மில்லிமீட்டரை, இரவு வானத்துக்காக மட்டும் பரிந்துரைப்பேன். குளிர்கால இரவில் பால்வழியின் மையம் இங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. தமிழ்நாட்டில் தெற்கு வானத்தில் ஏறக்குறைய பாதி உயரத்தில் தெரிவதை இங்கே கழுத்தை நிமிர்த்திப் பார்க்கலாம். அதற்கு நிலவில்லாத நாட்களில் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். அதைத் திட்டமிடாதவர்கள் அந்த லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.

ஃபில்டர்: போலரைசர் ஒன்று கட்டாயம்

கணினியில் பிறகு சரிசெய்துகொள்ள முடியாததைச் செய்யும் ஃபில்டர் போலரைசர். கடல் நீரின் மேற்பரப்பில் வானம் பிரதிபலித்து மினுக்கும் ஒளியை அது வடிகட்டிவிடும். அடியில் இருக்கும் பவளமும் மணல் திட்டும் வெளியே தெரியும். தண்ணீர்ப் பரப்பை ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது மிக நன்றாக வேலை செய்யும். அதாவது நீங்கள் சற்று உயரத்தில், ஒரு படகுத்துறையிலோ பாறையிலோ நின்று கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். வானத்தைப் பொறுத்தவரை சூரியனுக்கு 90 பாகை பக்கவாட்டில் இருக்கும் பகுதியைத்தான் அது கருநீலமாக்கும். 24 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும் என்பதால், அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாம்ப்ளெமூஸ் பூங்காவின் பெருந்தாமரை இலைகளுக்கும், மழை நனைந்த காட்டு இலைகளுக்கும் இதே ஃபில்டர் உயிர் கொடுக்கிறது. இலைமேல் பளிச்சிடும் வெண்மை விலகியதும் பச்சை தானாக வெளிப்படும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகக் குறைவது) அது எடுத்துக்கொள்ளும் என்பதால், நிழலுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள்.

வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். விநாடியில் 60-இல் ஒரு பங்காக இருக்கும் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, அது ஏறக்குறைய 16 விநாடியாக நீட்டும். அலைகள் பனிபோல ஆகிவிடும். பவளப்பாறை வளையத்துக்குள் அலையே இல்லாத நம் காயல் நீரில் அதற்குப் பெரிய வேலை இல்லை. வளையம் அறுந்திருக்கும் கிரி கிரியில் அதற்கு வேலை உண்டு. ஆனால் அங்கே 16 விநாடிக்குள் லென்ஸில் தூறல் விழுந்துவிடும். ஆறு ஸ்டாப் ஃபில்டர் இங்கே பொருத்தமானது என்பது என் அனுபவம். சாதாரண யு.வி. ஃபில்டரை நான் மற்ற இடங்களில் போடுவதில்லை; இந்தத் தெற்குக் கரையில் மட்டும் போடுகிறேன், ஏனென்றால் கீறல் விழுந்தால் விழட்டும் என்று ஒரு கண்ணாடியை முன்னே நிறுத்த வேண்டியிருக்கிறது. லென்ஸின் முன் விளிம்பில் பொருத்தும் மறைப்பான லென்ஸ் ஹூடை எப்போதும் மாட்டி வையுங்கள். அது வெயிலைத் தடுப்பதைவிடத் தூறலைத் தடுப்பதில் அதிகம் உதவுகிறது.

ஈரம், உப்பு, மணல்

பையில் இடம் போதவில்லை என்றால் ஒரு லென்ஸை வெளியே எடுத்துவிட்டு, இந்தப் பகுதியில் வருபவற்றுக்கு இடம் கொடுங்கள்.

முதலில் ஈரம். விடுதி அறை குளிர்சாதனத்தில் 22 டிகிரியில் இருக்கிறது. வெளியே 31 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன் மேல் பனித்துவிடும். உங்கள் லென்ஸ் 22 டிகிரியில் இருப்பதால், கதவைத் திறந்து வெளியே வந்த நொடியில் முகப்புக் கண்ணாடி புகை படிந்ததுபோல ஆகிவிடும். துடைத்தால் மறுபடி படியும். அதைவிட மோசம், உள்ளே இருக்கும் கண்ணாடிகளிலும் படியும். இதற்கு வழி எளிது. அறையிலிருந்து கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் பூட்டுள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். உள்ளே அடைபட்டது அறையின் உலர்ந்த காற்று. பனித்துளி பையின் வெளிப்புறத்தில்தான் படியும். வெளியே அரைமணி நேரம் வைத்து, கேமரா வெளிவெப்பத்துக்கு வந்தபின் திறந்துகொள்ளலாம். சூரிய உதயத்துக்குப் போகிறவர்கள், இரவே கேமராப் பையை மூடிய நிலையில் குளிர்சாதனம் இல்லாத குளியலறையிலோ, பாதுகாப்பான மாடத்திலோ வைத்துவிட்டால் விடியலில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஈரம் நீண்ட நாள் தங்கினால் பூஞ்சை. கியூர்பிப்பின் ஒரு குளிர்காலத்தில் அலமாரியில் மறந்துவிட்ட என் 50 மில்லிமீட்டர் லென்ஸின் உள்ளே சிலந்திவலைபோல வெண்ணிழைகள் பரவியிருந்ததைக் கண்ட நாள் எனக்கு மறக்கவில்லை. பத்து நாள் பயணத்தில் அது நேராது என்றாலும், நனைந்த பையை மூடியபடியே ஊருக்குக் கொண்டுபோய் அப்படியே வைத்துவிடுபவர்களுக்கு நேரும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்தைப் பையில் போட்டு வையுங்கள். நிறம் மாறிவிட்டால் அதன் வேலை முடிந்தது என்று பொருள்.

அடுத்தது உப்பு. உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற தமரின் பக்கமோ, அலை மோதும் எந்தக் கரையிலோ அரைமணி நின்றால், கேமராவில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஒன்று சேர்ந்துவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். எனவே ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் கையால் அழுத்தும் புளோயரால் மணலை ஊதி நீக்க வேண்டும்; துணி அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் மணலை வைத்துக் கண்ணாடியைத் தேய்த்தது போலாகும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மென்துணியால் கேமரா உடலையும் லென்ஸ் குழலையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஃபில்டர்களைக் கழற்றிக் குழாய் நீரிலேயே அலசலாம். மைக்ரோஃபைபர் துணி ஒன்று போதாது. ஆறு எடுத்து வாருங்கள். உப்புப் பட்ட துணியை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது மணல். அதற்குச் சுருட்டி மூடும் பத்து லிட்டர் டிரை பேக் ஒன்று வேண்டும். த்ரூ தோ தூஸிலிருந்து ஈல் ஓ செர் தீவுக்கு வேகப்படகில் போகும்போது படகின் அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும். சாதாரண முதுகுப்பை அடியிலிருந்து நனையும். கரையில் இறங்கியபின் அதே டிரை பேக் மணலிலிருந்தும் காக்கும். திடீர் மழைக்கு விலையுயர்ந்த உறை வேண்டாம். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையின் அடியில் ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூடில் ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டால் பிளாக் ரிவர் காட்டு மழையையும் தாங்கும்.

தண்ணீருக்கு அடியில்

தெளிந்த காயலுக்கு வந்துவிட்டுத் தண்ணீருக்குள் பார்க்காமல் போவது பாதித் தீவை விட்டுவிட்டுப் போவதாகும். இதற்கென்று பெரிய கேமராவுக்கு உறை வாங்க வேண்டியதில்லை. ஓஎம் சிஸ்டத்தின் டஃப் டிஜி-7 போன்ற சிறிய கேமரா 15 மீட்டர் ஆழம் வரை உறையின்றியே தாங்கும். கோப்ரோ கேமராக்கள் 10 மீட்டர் வரை தாங்கும். புளூ பே கடற்பூங்காவில் மூக்குக்குழாயோடு மிதப்பவர்களுக்கு இரண்டு மீட்டர் ஆழம் பழகினாலே போதும். தண்ணீர் புகாது என்று கைப்பேசிக்குத் தரப்படும் ஐபி68 தரச்சான்றை நம்பிக் கடலில் இறக்காதீர்கள்; அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்பு நீருக்கு அது பொறுப்பேற்காது.

தண்ணீருக்குள் சிவப்பு நிறம்தான் முதலில் மறையும்; ஐந்து மீட்டருக்குள்ளாகவே அதன் பெரும்பகுதி போய்விடும். ஆகவே மேற்பரப்பை ஒட்டியே, மீனுக்கு மிக அருகில் போய் எடுங்கள். நிலத்தில் நாம் தவிர்க்கும் உச்சி வெயில் தண்ணீருக்குள் மிகச் சிறந்த வெளிச்சம் என்பதால், பகல் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை கடலுக்குள் இருங்கள். கேமராவின் கதவை மூடும் முன் ரப்பர் அடைப்பில் ஒரு தலைமுடியோ மணலோ இல்லை என்பதை விரலால் தடவிப் பாருங்கள். அதைக் கடற்கரையில் திறக்கவே கூடாது. வெளியே வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு உலர்த்துங்கள். பவளத்தின் மேல் காலை ஊன்றி நின்று படமெடுக்காதீர்கள். பவளம் உயிருள்ளது, மிதித்த இடம் மீண்டும் வளர ஆண்டுகள் பிடிக்கும். கண்ணாடி அடித்தளப் படகில் போனால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், பிரதிபலிப்பு நின்றுவிடும்.

பேட்டரி, பிளக், மற்றவை

உதிரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. 100 வாட்-மணி வரை தனி ஒப்புதல் தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணிதான். கேமரா பேட்டரிகள் இதைவிட மிகச் சிறியவை. முனைகளுக்கு மூடி போட்டு இரண்டு உதிரி எடுத்து வாருங்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட். பிரிட்டன் முறையிலான மூன்று சதுரக் கால் பிளக்கும், ஐரோப்பிய இரண்டு உருண்டைக் கால் பிளக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. இந்தியாவின் மூன்று உருண்டைக் கால் பிளக் பொருந்தாது, அடாப்டர் தேவை. கேமராவின் கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பின்னே தள்ளி வையுங்கள். இல்லையென்றால் குடும்பத்தில் நான்கு பேர் எடுத்த படங்களைப் பிறகு வரிசைப்படுத்துவது பெரும் பாடு.

மெமரி கார்டுகளில் ஒரே பெரிய கார்டைவிட 64 ஜிபி கார்டுகள் மூன்று நல்லது. ஒவ்வோர் இரவும் ஒரு சிறிய வன்தட்டிலோ கைப்பேசியிலோ பிரதி எடுத்து, கேமராவும் பிரதியும் ஒரே பையில் இல்லாமல் பிரித்து வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் எதையும் விட்டுச் செல்லாதீர்கள். வெப்பமும் கெடுக்கும், களவும் போகும்.

டிரைபாட் இரவு வானத்துக்கும் நீண்ட எக்ஸ்போஷருக்கும் மட்டும். கால்களைத் திருகி இறுக்கும் வகையைவிட மடக்கிப் பூட்டும் வகை மணலுக்கு நல்லது, கழுவுவதும் எளிது. டிரோன் எடுத்துவர நினைப்பவர்கள் புறப்படும் முன்பே இந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் அப்போதைய விதிகளைப் படித்து, தேவையான அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் வந்து நின்று விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம். இந்தியாவிலிருந்து வருபவர்கள் விலையுயர்ந்த கருவிகளுக்குப் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பும்போது கேள்வி எழாது.

என் அக்காள் மகன் மறுமுறை வந்தபோது ஒரு கேமரா, 24-120 லென்ஸ், 40 மில்லிமீட்டர் லென்ஸ், தண்ணீர்க் கேமரா, போலரைசர், புளோயர், துணிகள், டிரை பேக், இரண்டு உதிரி பேட்டரிகள் ஆகியவற்றோடு வந்தான். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. லெ மோர்ன் மலைப்பாதையில் நான் மூச்சு வாங்கி நின்றபோது அவன் எனக்கு முன்னே நடந்துகொண்டிருந்தான். ஊருக்குத் திரும்பிய பின் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் விமான நிலையத்தில் அவனுக்கு நினைவூட்டினேன், உங்களுக்கும் சொல்கிறேன்: பையை முழுவதும் காலி செய்து வெயிலில் காய வையுங்கள், கேமராவின் தோள்வாரைக் கழற்றி நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பத்து நாள் உப்பும் வியர்வையும் அதிகமாக ஏறியிருப்பது அந்த வாரில்தான்.